எலும்பு வளர வேண்டிய இடம்

"ஏந்தம்பி, உள்ள இருக்கிற பள்ளத்த அடைக்க ஏதோ பவுடர் வைப்பாங்களாம். சிமெண்டு மாதிரியா டாக்டருன்னு கேட்டா, கிட்டத்தட்ட அப்படித்தாம்மான்னு சிரிக்கிறாரு. நெசமாவே சிமெண்டா வைப்பாங்க?"

ஆலத்தியூர் டீக்கடையில் அக்கா ஒருவர் கேட்டது. அவருடைய மகனுக்குச் சிறு வயதிலிருந்தே வலது காதில் சீழ். எண்ணெய் காய்ச்சி ஊற்றிப் பார்த்தாயிற்று, சொட்டு மருந்தும் விட்டுப் பார்த்தாயிற்று. இப்போது திருச்சியில் ஸ்கேன் எடுத்து, காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரிடம் கேட்க நினைத்ததில் பாதி, அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வரும். அந்தப் பாதி என்னிடம் வந்தது. நான் டாக்டர் இல்லை, மருத்துவச் சேதிகளைப் படித்து எழுதுகிறவன். ஆனால் ராம்கோ ஆலை இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு சிமெண்டைப் பற்றிக் கேட்பவரிடம் "அதெல்லாம் வேற சமாச்சாரம்" என்று தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. டாக்டர் விளையாட்டாகச் சொன்னது பெருமளவு சரிதான். மீதி இருப்பதைச் சொல்ல இரண்டு டீ பிடிக்கும்.

முதலில் அந்தப் பள்ளம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். காது மடலுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்துங்கள். ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். டாக்டர்கள் அதை மாஸ்டாய்டு என்பார்கள். வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே காற்று நிரம்பிய சின்னச் சின்ன அறைகள். அந்த அறைகளுக்கும், காது ஜவ்வுக்கு உள்பக்கம் இருக்கும் நடுக்காதுக்கும் வழி உண்டு. நடுக்காதில் மூன்று எலும்புகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன: சுத்தி, பட்டடை, அங்கவடி. கடைசியில் உள்ள அங்கவடிதான் மனித உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. உயரம் சுமார் 3 மில்லிமீட்டர், எடை சுமார் 3 மில்லிகிராம்.

இத்தனை சின்ன எலும்புகளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒலி காற்றில் வருகிறது, உள்காதிலோ திரவம். காற்றில் வரும் ஒலி நேராகத் திரவத்தில் மோதினால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அகலமான ஜவ்வு வாங்குகிற அசைவை, அதைவிட ஏறக்குறைய 17 மடங்கு சிறிய அங்கவடித் தட்டின் மேல் குவித்துத் தள்ளுவதால் அழுத்தம் கூடுகிறது. எலும்புகளின் நெம்புகோல் அமைப்பும் சேர்ந்தால் சுமார் 22 மடங்கு. இந்தக் கோவை நடுவில் அறுந்துவிட்டால், ஜவ்வு முழுசாக இருந்தாலும்கூட 60 டெசிபல் வரை கேட்கும் திறன் போகும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற பேச்சே எட்டாது.

காதில் சீழ் என்றாலே எல்லாம் ஒன்றல்ல. ஜவ்வில் ஓட்டை விழுந்து சளி பிடிக்கும்போதெல்லாம் ஒழுகுவது ஒரு வகை. தொந்தரவு, ஆனால் பெரிய ஆபத்து குறைவு. இன்னொன்று கொலஸ்டியடோமா. பெயர் நாக்கில் புரளாது, விஷயம் இதுதான்: மூக்குக்கும் காதுக்கும் நடுவே உள்ள குழாய் சரியாகக் காற்றுவிடாமல் போனால் ஜவ்வின் ஒரு மூலை உள்பக்கம் இழுபட்டுப் பையாகிறது. ஜவ்வின் வெளிப்பக்கம் தோல். தோல் எங்கிருந்தாலும் பழைய செதிலை உதிர்த்துக்கொண்டே இருக்கும். உதிர்ந்தது அந்தப் பைக்குள் சிக்கி, அழுகி, நாற்றமெடுத்து, பை பெருக்கிறது. கேன்சர் இல்லை. ஆனால் சுற்றியுள்ள எலும்பைத் தின்றுகொண்டே போகும். முதலில் பெரும்பாலும் பட்டடை எலும்பின் நீண்ட கால் போய்விடும். அங்கே ரத்த ஓட்டம் குறைவு. பிறகு முக நரம்பு ஓடும் எலும்புக் குழாய், உடம்பின் சமநிலையை உணரும் அரைவட்டக் குழாய், மேலே மூளையைத் தாங்கும் மெல்லிய எலும்புத் தகடு. இதைக் கரைக்கிற சொட்டு மருந்து கிடையாது. சீழ் கொஞ்ச நாள் நிற்கும், பை அப்படியே இருக்கும்.

ஆகவே அறுவை. நோய் ஒளிந்திருக்கும் அறைகளையெல்லாம் டிரில் வைத்து ஒன்றாகக் குடைந்து திறக்கிறார்கள். நோய் பரவியிருந்தால் காதுக் குழியின் பின்சுவரையும் எடுக்க வேண்டி வரும். அப்போது காதுக்குள் ஒரு பெரிய குகை மிஞ்சும். டாக்டர் சொன்ன பள்ளம் இதுதான்.

அந்தப் பள்ளத்தோடு வாழ்வது லேசில்லை. மெழுகும் செதிலும் தானாக வெளியேறாது. ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை மைக்ரோஸ்கோப் வைத்து எடுத்துவிட வேண்டும். தண்ணீர் போனால் ஒழுகும். குளிர்ந்த தண்ணீரோ காற்றோ உள்ளே பட்டால், அரைவட்டக் குழாய்க்கு அருகிலேயே படுவதால், தலை சுற்றும். காது மெஷின் வைக்க வேண்டி வந்தால் அதன் அச்சு சரியாகப் பொருந்தாது. சித்திரை வெயிலில் கிணற்றிலும் மழைநீர் தேங்கிய பழைய குவாரிக் குட்டையிலும் குதித்து வளர்கிற பையனிடம் "இனி ஆயுசுக்கும் தண்ணியில குதிக்காதே" என்று சொல்வது எப்படி இருக்கும் என்று அக்காவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. (காது நன்றாக இருந்தாலும் குவாரிக் குட்டையில் குதிக்க வேண்டாம், அது வேறு விஷயம்.)

பள்ளத்தை அடைத்துவிட்டால் என்ன என்ற யோசனை பழையது. அமெரிக்காவில் மோஷர் என்பவர் 1911இலேயே காதுக்குப் பின்னால் உள்ள சதையைத் திருப்பி உள்ளே வைத்து அடைத்தார். சதை நாளாக நாளாகச் சுருங்கும். பள்ளம் மறுபடி தலைகாட்டும். இன்னொரு பொருளும் கையிலேயே இருந்தது: நோயாளியின் சொந்த எலும்புத் தூள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதுப் பொருள்களின் பளபளப்பில் இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நோயைத் தொடுவதற்கு முன்பே, மேல்பக்கத்துக் கெட்டியான நல்ல எலும்பில் டிரில்லை ஓட்டுகிறார்கள். உறிஞ்சு குழாயில் ஒரு வடிகட்டி. அதில் ஈரமான வெள்ளைத் தூள் சேர்கிறது. அதைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்து, சுத்தம் செய்து முடித்ததும் ரத்தத்தோடு குழைத்துப் பள்ளத்தில் பூசுகிறார்கள். உடம்புக்கு அந்நியம் இல்லை, காசும் இல்லை. குறை என்னவென்றால் அளவு போதாது. வருஷக்கணக்கில் சீழ் பிடித்த காதில் நல்ல எலும்பே கொஞ்சம்தான் இருக்கும். வைத்ததிலும் ஒரு பங்கு கரைந்துபோகலாம்.

இந்தப் பற்றாக்குறைக்குத்தான் செயற்கைப் பொருள்கள் வந்தன. டாக்டர் சொன்ன பவுடரும் அந்த இனம்தான். அதில் இரண்டு குடும்பம்.

ஒன்று, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட். நம் எலும்பின் கெட்டித்தன்மைக்குக் காரணமான தாதுவின் நெருங்கிய உறவு இது. துகளாகவும் கிடைக்கும், தண்ணீர் சேர்த்துக் குழைக்கும் வகையிலும் கிடைக்கும். 1980களில் அமெரிக்காவில் பிரவுன், சௌ என்ற இருவர், இரண்டு கால்சியம் பாஸ்பேட் பொடிகளைக் கலந்து தண்ணீர் ஊற்றினால் உடம்புச் சூட்டிலேயே இறுகி அபடைட் ஆகிறது என்று காட்டினார்கள். பொடி, தண்ணீர், இறுகல். அக்காவின் டாக்டர் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றது இதை நினைத்துத்தான் இருக்கும்.

நம் ஆலையில் நடப்பது வேறு. சுண்ணாம்புக் கல்லையும் களிமண் சேர்ந்த பொருள்களையும் அரைத்து, சுமார் 1,450 டிகிரியில் சுட்டால் கிளிங்கர் வரும். அதில் முக்கியமானது கால்சியம் சிலிகேட். இங்கே பாஸ்பேட்டுக்கு வேலையில்லை. ஆனால் கால்சியம் இரண்டுக்கும் பொது. அரியலூர் மண்ணில் அது எப்படி வந்தது என்பது தெரிந்த கதைதான்: ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே கடல். கல்லங்குறிச்சிப் பக்கம் குவாரியில் சிப்பி ஓடுகள் கல்லாகி அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. வாரணவாசி அருங்காட்சியகத்தில் சுருண்ட அம்மோனைட்டுகளைப் பார்க்கலாம். கடல் உயிர்கள் தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுத்து ஓடு கட்டிக்கொண்டன. அந்த ஓட்டைத்தான் நாம் சிமெண்ட் மூட்டையாக்குகிறோம்.

கடல் உயிரின் கால்சியத்திலிருந்து எலும்புப் பொருள் செய்வதும் நடந்திருக்கிறது, அதுவும் சென்னையில். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் ஐ.ஐ.டி.யையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்தியக் கடலோரப் பவளத்தை ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றும் முறையை 1996இல் வெளியிட்டார்கள். பிறகு ஐ.ஐ.டி.யில் முட்டை ஓட்டிலிருந்தும் செய்தார்கள். நாமக்கல் பக்கத்தில் இருக்க, ஓட்டுக்கா பஞ்சம்? திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம், இதய வால்வு செய்து பெயர் வாங்கியதே, அதுவும் எலும்புக்கான இந்த வகைப் பீங்கான்களை உள்நாட்டிலேயே உருவாக்கியது. அதற்காக ஆலத்தியூர் குவாரிக் கல்லை இடித்துக் காதில் வைக்க முடியாது. கட்டடச் சிமெண்டில் இரும்பும் அலுமினியமும் கலந்திருப்பது பெரிய விஷயமில்லை. உடம்புக்குள் அதுதான் முழு விஷயமே.

எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஐரோப்பா பட்டுத் தெரிந்துகொண்டது. பல் டாக்டர்கள் பல்லில் அடைக்கும் கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட் பல்லில் பத்திரமானது. 1990களில் அதே இனச் சிமெண்ட் ஒன்றைக் காதையும் மூளையையும் ஒட்டிய அறுவைகளில் எலும்பை அடைக்கப் பயன்படுத்தினார்கள். இறுகும்போது அதிலிருந்து அலுமினியம் கசிந்து மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலந்தது. வலிப்பு, மூளைப் பாதிப்பு, உயிரிழப்பு. அந்தப் பொருளைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஒரு இடத்தில் நல்லது இன்னொரு இடத்தில் விஷமாகலாம். காதறுவையில் இந்தப் பாடம் வேறு உருவங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

இரண்டாவது குடும்பம் கண்ணாடி. ஆமாம், கண்ணாடிதான், ஆனால் ஜன்னலில் போடுகிற கண்ணாடி இல்லை. இது உடம்பில் கரையும். அமெரிக்காவின் புளோரிடாவில் லாரி ஹென்ச் என்ற பொருளறிவியல் அறிஞர் 1967இல் ஒரு மாநாட்டுக்குப் பேருந்தில் போகும்போது, வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். உடம்பு ஏற்றுக்கொள்கிற பொருள் இல்லாமல் அடிபட்ட வீரர்களின் கைகால்களை வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது, நீங்கள் அப்படியொன்று செய்ய முடியாதா என்று கேட்டிருக்கிறார். 1969இல் ஹென்ச் குழு ஒரு கண்ணாடியைச் செய்து எலியின் தொடை எலும்பில் பதித்தது. ஆறு வாரம் கழித்துப் பிடுங்கிப் பார்த்தால் வரவில்லை. எலும்போடு ஒட்டிக்கொண்டது.

ஒட்டிய விதம் இது. சிலிக்கா, சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் கலந்த அந்தக் கண்ணாடி உடம்பு நீரில் நனைந்ததும் சோடியம் வெளியேறுகிறது. மேற்பரப்பில் சிலிக்கா கூழாகிறது. அந்தக் கூழின் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து எலும்புத் தாதுவைப் போன்ற படிகமாகிறது. எலும்பு கட்டும் செல்கள் அதைத் தங்கள் இனம் என்று எடுத்துக்கொண்டு அங்கேயே வேலையைத் தொடங்குகின்றன. பொருள் எலும்பாக மாறுவதில்லை. எலும்பு வர இடம் கொடுக்கிறது. கூரை போடும்போது அடிக்கிற சென்ட்ரிங்தான் இதற்குச் சரியான உவமை: கான்கிரீட் தன் காலில் நிற்கும் வரை தாங்க வேண்டும், அதற்கு முன்னால் கழன்றால் கூரை விழும்.

அந்தக் கண்ணாடி மனித உடம்பில் முதல்முதலாகப் போன இடங்களில் ஒன்று நடுக்காது. அரித்துப்போன எலும்புகளுக்குப் பதிலாக அந்தக் கண்ணாடியில் செய்த சின்னத் தண்டு. லண்டன் கைஸ் மருத்துவமனையின் எல்லிஸ் டூவெக் பெயரில் ஒரு வடிவமே வந்தது. 1985இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. ஆரம்பத்தில் நல்ல பலன். ஆனால் வருஷங்கள் போகப் போகச் சிலருக்கு அந்தத் தண்டு நொறுங்கி, கரைந்து காணாமல் போனது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. கரைவதுதான் அதன் குணம். ஒலியைக் கடத்தும் தண்டு கரையலாமா?

அதோடு இன்னொன்றும் இருக்கிறது. எலும்பைத் தூண்டுகிற பொருளை நடுக்காதுக்குள் வைத்தால், எலும்பு வளர்வதே கேடு. அங்கவடி அசைந்தால்தான் கேட்கும். ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் நடப்பது இதுவே: அங்கவடியின் ஓரத்தில் தேவையில்லாத எலும்பு வளர்ந்து அதைப் பூட்டிவிடுகிறது, காது மந்தமாகிறது. அபடைட்டில் செய்த எலும்புக் கட்டைகளும் காதுக் குழிச் சுவரைத் தொட்டு ஒட்டிக்கொண்டால் அசையாமல் நின்றுவிடும். அதனால் இன்று கோவையை இணைக்க, அசைய வேண்டிய இடத்தில், பெரும்பாலும் டைட்டானியம். ஜவ்வைக் குத்திக்கொண்டு வெளியே வராமல் இருக்க அதன் தலையில் நோயாளியின் காது மடலிலிருந்தே எடுத்த குருத்தெலும்புத் துண்டு. பட்டடை எலும்பு கொஞ்சம் நன்றாக மிஞ்சியிருந்தால் அதையே செதுக்கி வைப்பவர்களும் உண்டு. எனக்கு அந்த வேலைப்பாட்டின் மேல் தனி மரியாதை.

தண்டாகத் தோற்ற கண்ணாடி, பள்ளத்தை அடைக்கும் வேலையில் ஜெயித்தது. பின்லாந்தின் துர்க்கு நகரத்தில் எஸ்53பி4 என்ற வகையை உருவாக்கினார்கள். பெயரில் உள்ள 53, அதில் இருக்கும் சிலிக்காவின் சதவீதம். சின்னச் சின்னத் துகள். மாஸ்டாய்டில் அசைய வேண்டியது ஒன்றுமில்லை. அங்கே மெதுவாகக் கரைந்து எலும்புக்கு இடம் விடுவது நல்லதுதான். கூடுதல் லாபமும் உண்டு: துகள்கள் கரையும்போது சுற்றியுள்ள நீரில் காரத்தன்மையும் உப்பும் ஏறுவதால் கிருமி தழைப்பது கஷ்டம். வருஷக்கணக்கில் சீழ் பிடித்த காதுக்கு இது சின்ன விஷயமில்லை.

இவ்வளவு கேட்டதும் அக்கா, "அப்ப அந்தக் கண்ணாடியவே வைக்கச் சொல்லவா தம்பி?" என்றார்.

அவசரப்படாதீங்கக்கா என்றேன். பொருள் எது என்பது மூன்றாவது நான்காவது கேள்வி. முதல் கேள்வி, நோய் முழுக்க எடுபட்டதா என்பது. செதில் விடும் தோல் ஒரு கடுகளவு மிஞ்சியிருந்து, அதன் மேல் துகளைக் கொட்டி மூடிவிட்டால், நோயைப் புதைத்து வைத்தது ஆகும். அது வெளியே தெரியாமல் உள்ளே வளரும். பள்ளம் திறந்திருந்தால் டாக்டர் எட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அடைத்த பிறகு பார்க்க முடியாது. அதற்காக டிஃபியூஷன் என்ற தனி முறையில் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சில மில்லிமீட்டர் அளவு நோயையும் அது காட்டிக்கொடுக்கும், ஆனால் சொன்ன காலத்துக்குப் போய் எடுக்க வேண்டும், அடுத்தடுத்த வருஷங்களிலும். துகள்களின் மேல் குருத்தெலும்பாலோ சதைச் சவ்வாலோ நல்ல மூடி வேண்டும். மூடி விலகி ஈரமான சளிச்சவ்வோடு உரசினால் சீழ் பிடித்து வெளியே வரும். குழைத்து வைக்கும் அபடைட் சிமெண்டிலும் இப்படி ஆகி, மறுபடி திறந்து சுரண்டி எடுக்க வேண்டி வந்த அனுபவம் வெளிநாட்டு மருத்துவமனைகளில் உண்டு.

அதனால் அனுபவமுள்ள டாக்டர் ஒருவர், நோய் மோசமாக இருந்தாலோ, நோயாளி திரும்ப வருவாரா என்று சந்தேகம் இருந்தாலோ, பள்ளத்தைத் திறந்தே விட்டுவிடுவார். அதைப் பழைய முறை என்று குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. செந்துறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அடுத்த எம்.ஆர்.ஐ.க்குத் திருச்சி போக ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும் என்பதைக் கணக்கில் எடுக்கிற டாக்டரை நான் குறைசொல்ல மாட்டேன். எலும்புத் தூள் போதுமளவு கிடைத்தால் அதோடு முடித்துக்கொள்ளலாம். போதாத இடத்துக்குத் துகள் என்றால், சரி. விலை உயர்ந்த பொருள் என்பதற்காக மட்டும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அறுவைக்கு மட்டும்தானா, உள்ளே வைக்கும் பொருளுக்கும் சேர்த்தா என்று முன்கூட்டியே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுவது நல்லது.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், ஆலையில் மில் பக்கம் வேலை பார்ப்பவர், "எனக்கும் ரெண்டு காதும் மந்தம்தான், இந்தப் பவுடர் எனக்கு ஆவுமா?" என்றார். ஆகாது. பெரும் சத்தம் கெடுப்பது உள்காதின் நுண்ணிய மயிர்ச் செல்களை. ஜவ்வும் எலும்பும் நன்றாகவே இருக்கும், கேட்பதுதான் குறையும். எலும்பை எவ்வளவு வளர்த்தாலும் அந்தச் செல்கள் திரும்பாது. அவருக்கு வேண்டியது ஆடியோகிராம் பரிசோதனை, காதடைப்பான், தேவைப்பட்டால் காது மெஷின். இரைச்சலால் வரும் காது மந்தம் சட்டப்படியான தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் அதைத் தெரிந்துவைத்திருக்கவில்லை.

அக்காவிடம் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான். உள்ளே எந்தப் பொருள் வைத்தாலும் அதன் பெட்டியில் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும்; அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் தாளிலும் ஒன்றை ஒட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது செல்லில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பையனுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிற இடத்தில் முதலில் கேட்பது, உள்ளே என்ன வைத்திருக்கிறது என்பதைத்தான். இப்போதைய டைட்டானியத்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை; ஆனால் காதில் வைத்த ஒரு வகை எஃகுக் கம்பி காந்தத்துக்கு இழுபடும் என்று தெரிந்து 1987இல் திரும்பப் பெற்றதும் நடந்திருக்கிறது. ஸ்டிக்கர் கையில் இருந்தால் அந்தக் கேள்விக்கு ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லிவிடலாம்.